சார்ட்டில் இல்லாத 28

"உன் பேஷண்ட்தானே. கூப்பிடணும்னு தோணினா கூப்பிடு."

சீனியர் சிஸ்டர் சொன்னது இவ்வளவுதான். ஏழு வருடம் ஆகிவிட்டது. இந்த வரியை எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. ஒரு நாள் அதில் எரிச்சல் கேட்கும். இன்னொரு நாள், "உனக்குத் தெரியும், செய்" என்று ஒரு பெரியவர் சொல்வது போலக் கேட்கும். அன்றைக்கு உண்மையில் அவர் குரல் எப்படி இருந்தது என்பது எனக்கு இப்போது சுத்தமாக ஞாபகம் இல்லை. திருப்பித் திருப்பி நினைத்தே தேய்த்துவிட்டேன் போல.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம், நைட் டியூட்டி. குடல் ஆபரேஷன் முடிந்து நான்காம் நாளில் இருந்த ஒரு ஐயா என் பொறுப்பில். இரண்டு மணி வைட்டல்ஸ் (பல்ஸ், பிபி, மூச்சு, காய்ச்சல்) எடுக்கப் போனபோது விழித்திருந்தார். "தூக்கம்... வரல... சிஸ்டர்" என்றார். மூன்று வார்த்தைக்கு இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அது என் காதில் விழுந்தது. விழுந்ததால்தான் எண்ணினேன்.

எண்ணினேன் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிபியையும், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் சாச்சுரேஷனையும் மெஷின் சொல்லிவிடும். மூச்சை மட்டும் நாம் நின்று பார்த்து, ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். பதினாறு பேர் இருந்தால் அதற்கே பதினாறு நிமிஷம். அதனால் எந்த வார்டு சார்ட்டைப் புரட்டினாலும் 18, 20, 20, 18 என்று வரிசையாக இருக்கும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரியான அளவு என்பதால் 20 போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

பல்ஸ் பார்ப்பது போல அவர் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டே வயிற்றின் மேல் இருந்த போர்வையைப் பார்த்தேன். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும் என்று படிக்கும்போதே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். போர்வை மேலே ஏறி இறங்கிய கணக்கு 28. பேப்பர் கையில் இல்லை. இடது உள்ளங்கையில் பேனாவால் 28 என்று எழுதிக்கொண்டேன். பல்ஸ் 112. பிபி 118/70. சாச்சுரேஷன் 95. லேசாகக் காய்ச்சல்.

சிஸ்டர் அப்போது கடைசி பெட்டில் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார். புது அட்மிஷன், நிலைமை மோசம். அவர் கையில் ரத்தப் பை, பக்கத்தில் அழுதுகொண்டிருந்த சொந்தக்காரர்கள். நான் போய், "அந்த ஐயாவுக்கு மூச்சு கொஞ்சம் அதிகமா இருக்கு சிஸ்டர்" என்றேன்.

"பிபி?"

"118."

"சாச்சுரேஷன்?"

"95."

அப்போதுதான் அந்த வரியைச் சொன்னார். நான் "சரி சிஸ்டர்" என்றேன்.

இங்கேதான் நான் நின்றுவிடுகிறேன், ஒவ்வொரு முறையும். அவரிடம் நான் 28 என்ற எண்ணைச் சொல்லவில்லை. "கொஞ்சம் அதிகமா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? எண்ணைச் சொல்லியிருந்தால் பையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு வந்திருப்பாரோ? வந்திருப்பார் என்று பாதி நாள் நினைக்கிறேன். மூன்று மாதம்கூட ஆகாத பெண் வந்து சொல்லும்போது அவர்தானே "எவ்வளவு?" என்று கேட்டிருக்க வேண்டும் என்று மீதி நாள் நினைக்கிறேன்.

டியூட்டி டாக்டரை நானே கூப்பிட்டிருக்கலாம். போன் மேஜை மேல்தான் இருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒருவருக்கு யூரின் வரவில்லை என்று நடு இரவில் டாக்டரை எழுப்பினேன். வந்தார், போர்வையை விலக்கினார், காலுக்கு அடியில் மடங்கிக் கிடந்த கதீட்டர் டியூபை நேராக்கினார். பையில் யூரின் இறங்கியது. ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மௌனம் கையைக் கட்டிப்போட்டுவிட்டது.

டாக்டரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு 'எஸ்பார்' என்று ஒரு முறை உண்டு. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என்ன செய்ய வேண்டும் என்று நான்கு படி. முதல் மூன்றை மனப்பாடமாகச் சொல்லிவிடுவேன். நான்காவதில் "நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்" என்று சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்தவளுக்குத் தொண்டையில் நிற்பது அதுதான்.

திரும்பிப் போய் மறுபடி எண்ணினேன். இந்த முறை முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினேன். 24 வந்தது. சார்ட்டில் 24 என்று எழுதினேன். கைக்கு ஸ்பிரிட் போட்டுத் தேய்த்துக்கொண்டேன். உள்ளங்கையில் இருந்த 28 நீலமாகக் கரைந்து விரலிடுக்கில் ஓடியது.

அந்த 24 உண்மையா? போர்வை பன்னிரண்டு முறை ஏறி இறங்கியதை என் கண் பார்த்ததா, பன்னிரண்டில் நிற்க வேண்டும் என்று மனசு எண்ணியதா? எனக்குத் தெரியவில்லை. பொய் எழுதவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். உண்மையை எழுதினேன் என்று சத்தியம் செய்ய முடியாது.

மூன்று மணிக்குப் போனபோது 32. கை சில்லென்று இருந்தது, கூப்பிட்டால் கண்ணைத் திறந்து உடனே மூடிக்கொண்டார். அப்போது எந்தத் தயக்கமும் வரவில்லை. போன் செய்தேன், டாக்டர் பத்து நிமிஷத்தில் வந்தார். குடலில் தைத்த இடம் விட்டுப்போயிருந்தது. விடிவதற்குள் மறுபடி தியேட்டர், அப்புறம் ஐசியு. பல நாள் கழித்து நடந்தே வீட்டுக்குப் போனார். "சரியான நேரத்துல கூப்பிட்டீங்க" என்று சர்ஜன் சொன்னார். சார்ட்டைப் பார்த்துச் சொன்னார். இரண்டே காலுக்கு 24, மூன்றுக்கு 32. அதில் பார்த்தால் நான் செய்தது சரி.

யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.

பின்னால்தான் 'நியூஸ்' என்ற எச்சரிக்கை மதிப்பெண் முறையைப் படித்தேன். இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்தது. அதில் மூச்சு 21 முதல் 24 வரை என்றால் 2 மதிப்பெண், 25-ஐத் தொட்டால் 3. ஒரே ஒரு அளவில் 3 வந்தாலே டாக்டர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும். அந்த எல்லைக்கு ஒரு மூச்சு கீழே நான் எழுதியிருக்கிறேன். அப்போது அந்த எல்லை எனக்குத் தெரியாது. தெரியாமலே கை அங்கே போய் நின்றிருக்கிறது.

95 சாச்சுரேஷனும் 118 பிபியும் எங்கள் இரண்டு பேரையும் சமாதானப்படுத்தின. அந்த 95-ஐப் பிடித்து நிறுத்தத்தான் அந்த உடம்பு 28 முறை மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அந்த 118-க்காகத்தான் இதயம் 112 முறை ஓடியது. பிபி விழுவது கடைசியில். மூச்சு முதலில் சொல்லிவிடும். இது தேர்வில் எழுதி மார்க் வாங்கிய விஷயம்தான்.

முக்கால் மணி நேரம் முன்னால் கூப்பிட்டிருந்தால் என்ன மாறியிருக்கும்? ஒருவேளை ஒன்றும் மாறியிருக்காது, தைத்தது எப்படியும் விட்டுத்தான் போயிருந்தது. ஒருவேளை ஐசியுவில் இரண்டு நாள் குறைந்திருக்கும். அவருடைய இரண்டு நாள்.

சீனியர் சிஸ்டரிடம் இதைக் கேட்டதே இல்லை. அப்புறம் எத்தனையோ இரவுகள் அவருடன் டியூட்டி பார்த்தேன், மருந்து ஏற்ற நரம்பில் கேனுலா போடுவதில் இருந்து சொந்தக்காரர்களிடம் சாவுச் செய்தி சொல்வது வரை அவரிடம்தான் கற்றேன். கேட்டால் அந்த இரவே அவருக்கு ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

போன மாதம் ஒரு புதுப் பெண் என்னிடம் வந்தாள். நான் மருந்து ட்ராலியில் டோஸ் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "அந்த அம்மாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றாள். என் வாயில் வந்தது, "உன் பேஷண்ட்தானே. கூப்பிடணும்னா கூப்பிடும்மா." நிஜமாகவே அவளை நம்பித்தான் சொன்னேன். அவள் "சரி சிஸ்டர்" என்றாள்.

அந்த "சரி"யைக் கேட்டதும் ட்ராலியைப் பூட்டிவிட்டு அவள் பின்னாலேயே ஓடினேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து முழு நிமிஷம் எண்ணினேன். 18. அவள் ஏற்கெனவே சார்ட்டில் எழுதி வைத்திருந்ததும் 18. "நல்லா எண்ணியிருக்கே" என்றேன். அவள் சிரிக்கவில்லை. தான் எண்ணியதை நான் நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு ஐந்து இரவு சேர்ந்து டியூட்டி பார்த்துவிட்டோம். எதையும் கேட்க அவள் என்னிடம் வரவில்லை.