வைக்கோல் கட்டுகளோடு ஒரு பனிக்காலம்

இந்தக் குளிர் நாட்டுக்குக் குடிவந்த புதிதில், பனிக்காலம் என்றால் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் காலம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் இங்கே வீட்டுக்கு வெளியிலேயே கட்டி வளர்க்கப்படும் நாய்களும் இருக்கின்றன. அந்த வீடுகளுக்கு வைக்கோலும் மரக்கூண்டும் இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுக்க, ஒரு விலங்குக் காப்பகத்தில் கார் வைத்திருக்கும் தொண்டர்களைத் தேடினார்கள். சேர்ந்துகொண்டேன்.

குளிர் என்றதும் எல்லோரும் எடுத்துத் தருவது போர்வையைத்தான். அன்பாகத்தான் தருகிறார்கள். ஆனால் நாய் பனியில் நடந்து ஈரக் காலோடு வந்து படுக்கும். துணி அந்த ஈரத்தை உறிஞ்சி, இரவில் அப்படியே உறைந்து விறைத்துவிடும். வைக்கோல் அப்படியில்லை. அதன் தண்டு உள்ளே வெற்றாக இருப்பதால் காற்று அடைபட்டு நிற்கும், ஈரமும் அவ்வளவாகத் தங்காது. நாய் அதற்குள் தோண்டிப் புதைந்து, தன் சூட்டைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். தீவனமாக விற்கும் காய்ந்த புல்லும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும்; அது ஈரம் குடித்துப் பூஞ்சை பிடித்துவிடும். பார்த்து வாங்க வேண்டும்.

கூண்டும் பெரிதாக இருக்கக் கூடாது. நாயின் உடம்புச் சூடு 38, 39 டிகிரி செல்சியஸ். கூண்டுக்குள் எரியும் ஒரே அடுப்பு அதுதான். எழுந்து நிற்கவும் திரும்பிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும். அடிப்பலகை தரையில் படாமல் உயர்ந்திருக்க வேண்டும், வாசல் காற்றடிக்காத பக்கம் பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டில் வயதான பழுப்பு நாய் ஒன்று. தண்ணீர் வைத்த இரும்புக் கிண்ணம் அடிவரை உறைந்து கிடந்தது. அதை எடுத்துவிட்டு ரப்பர் தொட்டி வைத்தோம். உறைந்தாலும் கவிழ்த்து ஓர் உதை விட்டால் கட்டி கழன்று விழும், மறுபடி தண்ணீர் ஊற்றலாம். வைக்கோலைப் பரப்பி முடிப்பதற்குள் நாய் என் கையை முட்டிக்கொண்டு உள்ளே போய், மூக்காலேயே ஒரு குழி பறித்துச் சுருண்டுகொண்டது. வளர்ப்பவர் கெட்டவர் இல்லை. நாய்க்குத்தான் ரோமம் இருக்கிறதே என்று நம்பியிருந்தார்.

இப்படிப்பட்டவர்களைத் திட்டினால் அடுத்த முறை கதவு திறக்காது. எனக்கு இந்த ஊர் மொழி அப்போது தட்டுத்தடுமாறித்தான் வந்தது. அதனால் அதிகம் பேசாமல் வேலையைச் செய்தேன். பலர் தாங்களாகவே வந்து கை கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் எனக்குப் பழக்கமானவர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். என்னைக் கேட்டால், நாய்க்கு வீட்டுக்குள்தான் இடம். வைக்கோல் அதற்கு மாற்றே கிடையாது. கடுங்குளிர் இரவுகளிலாவது உள்ளே விடுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிறேன். குட்டி, கிழம், ரோமம் குறைந்த நாய் என்றால் விடாமல் கேட்பேன். நடுக்கம் நின்றுவிட்டால் குளிர் விட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. சோர்ந்து தள்ளாடினால் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

அப்புறம் பூனைகள். சூட்டுக்காக கார் பானெட்டுக்குள் ஏறிப் படுத்துவிடும், அதனால் வண்டியைக் கிளப்பும் முன் பானெட்டை நன்றாகத் தட்ட வேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் உறையாமலிருக்க ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் தரையில் சிந்தியிருந்தால் துடைத்துவிட வேண்டும். கொஞ்சம் நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

வைக்கோல் நனைந்தால் மாற்றியாக வேண்டும், ஆகவே போன வீடுகளுக்கே பனிக்காலம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போகிறோம். இப்போதைக்குக் கட்டுகள் கைவசம் இருக்கின்றன, ஏற்றிப்போக வண்டிகள்தான் போதவில்லை.