ஏற்காடு இறக்கமும் அந்த இரண்டு பேடில்களும்

மின்சாரக் கார் டெலிவரி எடுக்கும் அன்று ஷோரூமில் பெரிய திரையைக் காட்டுவார்கள், சன்ரூஃபைத் திறந்து மூடுவார்கள், பொக்கே கொடுத்து போட்டோ எடுப்பார்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இடமும் வலமுமாக ஒளிந்திருக்கும் இரண்டு சின்ன பேடில்களைப் பற்றிக் கேட்டால் "அது ரீஜென் சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நினைத்த நேரத்தில் கோரிமேடு தாண்டி ஏற்காடு ஏறிவிடக்கூடிய சேலத்துக்காரர்களுக்கு, அந்த வண்டியிலேயே உருப்படியான விஷயம் அந்த இரண்டு பேடில்கள்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

என் சித்தப்பா லாரி ஓட்டியவர். மலைக்கு அவர் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. நான் டாடாவின் மின்சாரக் காரான நெக்ஸான் இவி வாங்கியபோது அவர் விலையையும் கேட்கவில்லை, ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்கிற ரேஞ்சையும் கேட்கவில்லை. "கியரே இல்லாத வண்டிய 20 கொண்டை ஊசியில எப்படிடா இறக்குவ?" என்றுதான் கேட்டார். மிகச் சரியான கேள்வி. அடிவாரத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நின்று பார்த்தால் தெரியும், பிரேக் லைனர் கருகிய வாசனையோடு எத்தனை வண்டிகள் ஓரங்கட்டி நிற்கின்றன என்று.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் ரீஜென், அதாவது ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது, மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குக் கரண்ட் அனுப்புகிறது, அந்த வேலையில் வண்டி தானாகவே பிடித்துக்கொள்கிறது. என் வண்டியில் 0 முதல் 3 வரை நிலைகள். 0-ல் வண்டி அதன் போக்கில் உருளும், 3-ல் வைத்தால் செகண்ட் கியரில் இறங்குகிற பிடிப்பு கிடைக்கும். வளைவுக்கு முன்னால் ஒரு தட்டு தட்டி 3, வளைவு முடிந்து கொஞ்சம் சமதளம் வந்தால் 1, மறுபடி இறக்கம் வந்தால் 3 என்று விரல் நுனியிலேயே வேலை நடக்கும். பிரேக்கில் கால் தயாராக இருக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை, ஆனால் அதை மிதிக்க வேண்டிய தேவை மிகவும் குறைந்துவிடுகிறது. சித்தப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து இறக்கியபோது பாதி மலை வரைக்கும் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500-க்கு மேல், ஆக 1,200 மீட்டர் உயரம். நாலு பேரோடு வண்டி 1,700 கிலோ இருக்கும் என்று வையுங்கள். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்கவே ஏறக்குறைய ஐந்தரை யூனிட் வேண்டும், சாலையில் ஓடுவதற்கான செலவு தனி. இறங்கும்போது டயர் உராய்வு, காற்று, மோட்டாரின் இழப்பு எல்லாம் போக அதில் பாதியளவு பேட்டரிக்குத் திரும்பினாலே நல்ல விஷயம். என் வண்டியின் 40.5 யூனிட் (கிலோவாட் ஹவர்) பேட்டரியில் அது ஆறேழு சதவீதம். ஏறும்போது ரேஞ்ச் எண் மளமளவென்று விழுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சமீபத்தில் ஓடிய செலவை வைத்துத்தான் அது கணக்குச் சொல்கிறது; அடிவாரம் வருவதற்குள் அதுவே ஏறிவிடும்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். பேட்டரி நிரம்பியிருந்தால் ரீஜென் வேலை செய்யாது, அல்லது பெயருக்குத்தான் செய்யும். வருகிற கரண்டை வைக்க இடம் இல்லையே. ஏற்காட்டில் ராத்திரி தங்குகிறவர்கள், பிளக் பாயின்ட் கிடைத்த சந்தோஷத்தில் 100 சதவீதம் வரை ஏற்றிக்கொண்டு காலையில் இறங்குவார்கள், பேடிலைத் தட்டினால் வண்டி பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக்கில் வந்து விழும். மேலே சார்ஜ் போட்டால் 85-ல் நிறுத்துங்கள். பல வண்டிகளில் ஆப்பிலேயே அந்த எல்லையை வைத்துவிடலாம். நூறு வரை நிரப்ப ஆசையிருந்தால் அதைச் சேலத்து வீட்டிலிருந்து கிளம்பும்போது செய்யுங்கள், ஏற்றத்தில் எப்படியும் செலவாகிவிடும்.

அதே போல, இறக்கத்தில் நியூட்ரலுக்குப் போகவே கூடாது. பெட்ரோல் மிச்சம் என்று பழகின கை அங்கே போகும். நியூட்ரலில் ரீஜெனே கிடையாது, மிச்சமாவது எதுவும் இல்லை, வண்டியின் பிடிப்பும் போய்விடும். மழையும் பனிமூட்டமுமாக இருக்கிற நாளில் 3-க்குப் பதில் 2 போதும். பிடிப்பு முழுக்க முன் சக்கரங்களில் விழுவதால் ஈர வளைவில் சட்டென்று காலை எடுப்பது நல்லதல்ல. அப்புறம், பிரேக்கை அதிகம் தொடாததால் டிஸ்க்கில் லேசாகத் துரு படியும், மழைக்காலத்தில் ரொம்பவே. காலையில் கிளம்பியதும் பின்னால் யாரும் இல்லாத இடத்தில் ரெண்டு மூன்று தடவை நன்றாக அழுத்தி மிதித்துவிடுங்கள், போய்விடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023-ல் வந்த புது நெக்ஸான் இவியிலிருந்து, அதற்கான அடாப்டரை சார்ஜிங் போர்ட்டில் மாட்டி காரிலிருந்தே 3.3 கேவிஏ வரை கரண்ட் எடுக்க முடியும். நாகலூரில் சொந்தக்காரர் வீட்டில் கோடை மழைக்குக் கரண்ட் போனபோது ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாம் வண்டியிலிருந்துதான் ஓடின. அத்தை தோசைக்கு மாவு அரைக்க மிக்ஸியையும் கொண்டுவந்தார், அதுவும் ஓடியது. சித்திரை வெயிலில் வண்டி கொதித்துக் கிடக்கும்போது ஏறுவதற்கு முன்பே ஆப்பில் ஏசியைப் போட்டுவிடலாம்; சார்ஜரில் இருக்கும்போதே போட்டால் அந்தச் செலவின் பெரும்பகுதியை வீட்டுக் கரண்ட் பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று, பெரிய பேட்டரி எவ்வளவு நிரம்பியிருந்தாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் வண்டி கண் விழிக்காது. கதவு, திரை, பெரிய பேட்டரியை இணைக்கிற சுவிட்ச் எல்லாமே அதை நம்பித்தான் இருக்கின்றன. வெளியூர் போய் வாரக்கணக்கில் வண்டியை நிறுத்துகிறவர்கள், அந்தச் சின்ன பேட்டரி எங்கே இருக்கிறது, ஜம்ப் கேபிளை எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்பதை டெலிவரி அன்றே பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.