ரெட் ஆர்மருக்கு 25 விநாடி

மலேசியப் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதி முடிவுக்காகக் காத்திருந்த 2001ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த சைபர் கஃபேயில், மணிக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து நான் நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தேன். விளையாட்டு, ஐடி சாஃப்ட்வேர் 1999 டிசம்பரில் வெளியிட்ட, எதிராளியைச் சுட்டு வீழ்த்தும் கணினி விளையாட்டான ‘குவேக் 3 அரீனா’. என்னைத் தோற்கடித்தவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, பசியாறிய கையோடு அங்கே வந்து உட்காரும் ஓர் அண்ணன். குறி பார்ப்பதில் நான் அவருக்குச் சற்றும் இளைத்தவனல்லன். ஆயினும் இருவர் மட்டும் மோதும் பத்து நிமிட டூயல் முடியும்போது அவருக்கு இருபது புள்ளிகளும் எனக்கு மூன்றும் இருக்கும்.

“தம்பி, நீ என்னையே தேடிக்கிட்டு இருக்க. மணியப் பாரு லா,” என்றார் ஒருநாள்.

மணி என்று அவர் குறிப்பிட்டது திரையில் ஓடும் ஆட்டக் கடிகாரத்தை. ரெட் ஆர்மர் என்ற சிவப்புக் கவசத்தை ஒருவர் எடுத்தால் அது சரியாக 25 விநாடிகள் கழித்து அதே இடத்தில் மீண்டும் தோன்றும். ஹெல்த்தை, அதாவது உயிர்வலுவை, ஏற்றித்தரும் மெகா ஹெல்த்துக்கு 35 விநாடிகள். இதில் தற்செயலுக்கு இடமே இல்லை. 1:10க்கு ஆர்மரை எடுத்தவர், அடுத்தது 1:35க்கு வரும் என்பதை மனத்தில் முடிந்துகொண்டு, மெகா பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு, 1:33க்கு அந்த வாசலில் வந்து நிற்பார். 100 ஹெல்த் மட்டுமே உள்ளவனை நேராகத் தாக்கும் ஒரே ராக்கெட் கொன்றுவிடும். ஆர்மர் அணிந்தவனுக்கோ அதே ராக்கெட்டின் 100 சேதத்தில் 66ஐக் கவசம் தாங்கிக்கொள்ள, 34 மட்டுமே ஹெல்த்தில் குறையும். ஆகவே நான் அவரைச் சரியாக அடித்த ஒவ்வொரு முறையும், அடிபடுவதற்கு ஆயத்தமாக வந்திருந்த ஒருவரைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். இது உறைக்க எனக்கு ஏறக்குறைய ஒரு மாதமும், அம்மாவிடம் கணக்குச் சொல்ல முடியாத அளவுக்கு வெள்ளியும் செலவாயின.

கணக்குத் தெரிந்தால் போதாது, நேரத்துக்குப் போய்ச் சேரவும் வேண்டும். ஓட்டத்தின் வேகம் விநாடிக்கு 320 அலகுகள் என்று விளையாட்டு வரையறுத்திருந்தாலும், அந்த வரம்பை அது நாம் அழுத்தும் திசையில் மட்டுமே அளந்து பார்க்கிறது. பாயும் திசைக்குச் சற்றுச் சாய்வாக விசையை அழுத்தி, மவுஸையும் அதே பக்கம் மெல்லத் திருப்பியபடி குதித்துக்கொண்டே போனால், ஒவ்வொரு குதிப்பிலும் வேகம் சிறிது சிறிதாகக் கூடும். இதுவே ஸ்ட்ரேஃப் ஜம்ப். 2005இல் மூல நிரல் பொதுவில் வெளியானபோது, இந்தப் பிழை நேராத சரியான முறையும் அதிலேயே எழுதப்பட்டு, ஆனால் ஆடும்போது நன்றாக இல்லை என்ற குறிப்போடு ஒதுக்கி வைக்கப்பட்டிருந்ததைப் படித்து நெடுநேரம் சிரித்தேன். பிழையைப் பிழையென்று அறிந்தே விட்டுவைத்த அந்த முடிவுக்கு நான் இன்றும் கடன்பட்டவன்.

வீட்டில் 56கே மோடத்தில் ஆடியபோது இவையெல்லாம் பாதிதான் உதவின. எதிரி தெரியும் இடத்தில் ரெயில்கன்னால் சுட்டால் குண்டு படாது. பிங், அதாவது இணைய இணைப்பின் தாமதம், எவ்வளவோ அவ்வளவு முன்தள்ளிச் சுட வேண்டும். கஃபேயின் உள்வலைப்பின்னலில் அந்தத் தொல்லை இல்லாததால், தோல்விக்குச் சாக்குச் சொல்லவும் வழியில்லை.

இப்போது அக்காள் மகன் சனிக்கிழமைகளில் மடிக்கணினியோடு வீட்டுக்கு வருகிறான். வேலரன்ட் என்ற இன்னொரு சுடும் விளையாட்டில் பழகிய அவனுக்கு, சுடுவதற்கு முன் நின்றுவிடும் வழக்கம் கைவிரல்களில் ஊறியிருக்கிறது; ஓடிக்கொண்டே சுட்டாலும் குறி சிதறாத ஓர் ஆட்டம் அவனுக்கு முறைகேடாகவே பட்டது. “நின்னாத்தானே மாமா சரியா சுட முடியும்?” என்று கேட்டபடியே நான்கு சனிக்கிழமைகள் தொடர்ந்து தோற்றான். நானும் அண்ணன் சொன்னதையே சொல்லி, இரண்டு எண்களையும் கொடுத்தேன்.

சென்ற வாரம் ஆட்டத்தின் நடுவே மேசைக்கு எதிர்ப்புறமிருந்து ஒரு முணுமுணுப்புக் கேட்டது. மெகாவை எடுத்த கணத்திலிருந்து அவன் பள்ளிக்கூடத்து மலாயில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தான். காதில் ஹெட்போன் இருந்ததால், தன் குரல் வெளியே கேட்பது அவனுக்குத் தெரியவில்லை. “தீகா பூலோ” என்று முப்பதை எட்டியபோது நான் மெகா இருக்கும் மேடையில் ராக்கெட் லாஞ்சரோடு நின்றிருந்தேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவன் இரண்டு முறை கேட்டுவிட்டான். நான் இன்னும் சொல்லவில்லை.