சரக்குக் கொட்டகையில் 18 நாள் கிடந்த தக்காளி விதை

தக்காளி விதை அடங்கிய நான்கு அட்டைப்பெட்டிகள் விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் 18 நாள்கள் கிடந்து, நேற்று மாலைதான் என் கைக்கு வந்து சேர்ந்தன. இறக்குமதி அனுமதி இருந்தது. சரக்கில் நோயோ பூச்சியோ இல்லை என்று அனுப்பும் நாட்டு அரசு தரும் தாவர சுகாதாரச் சான்றிதழும் இருந்தது. அனுப்பியவரோ பல ஆண்டுகளாக விதை ஏற்றுமதியில் இருப்பவர். இத்தனையும் இருந்தும் சரக்கு ஏன் நின்றது என்பதை, பட்ட அலைச்சல் மறப்பதற்குள் எழுதிவைக்க நினைக்கிறேன்.

அனுமதி வாங்குவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. விண்ணப்பித்த இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. ஆனால் அதன் இரண்டாம் பக்கத்தில் இருந்த சிறப்பு நிபந்தனையை நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, முதல் பக்கத்தை மட்டும் ஏற்றுமதியாளருக்கு அனுப்பினேன். எல்லாத் தொல்லைக்கும் வேர் அதுதான்.

அந்த நிபந்தனை, தக்காளியில் பழுப்புத் திட்டுகளையும் தோல் சுருக்கத்தையும் உண்டாக்கும், விதைத் தொழிலில் டி.ஓ.பி.ஆர்.எஃப்.வி. என்று சொல்லப்படும் வைரஸைப் பற்றியது. 2014இல் இஸ்ரேலில் முதலில் கண்டறியப்பட்ட இந்த நோய் விதை வழியாகவும், வேலை செய்பவர்களின் கை, கத்தி, உடை வழியாகவும் பரவக்கூடியது. தக்காளி ரகங்களை நெடுங்காலம் காத்துவந்த எதிர்ப்பு மரபணுவையும் அது மீறிவிடுகிறது. நாற்றங்கால் வைத்திருக்கும் எவருக்கும் இந்த நிபந்தனை தேவையற்றது என்று சொல்ல வாய் வராது; எனக்கும் வரவில்லை. தாய்ச்செடிகள் விளைந்த வயலில் அரசு அலுவலர் ஆய்வு செய்து நோயில்லை என்று உறுதிசெய்திருக்க வேண்டும், அல்லது விதையை ஆய்வகத்தில் சோதித்து நோயில்லை என்று கண்டிருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைச் சான்றிதழின் 'கூடுதல் அறிவிப்பு' என்ற பகுதியில் எழுத வேண்டும் என்பதே அனுமதி கேட்டது. என் சான்றிதழில் அந்தப் பகுதியில், 'விதைகள் நல்ல நிலையில் உள்ளன' என்ற ஒற்றை வரி மட்டுமே இருந்தது.

முதல் முறை தாவரத் தனிமைப்படுத்தல் அலுவலகத்துக்குப் போனபோது, கவுன்டரில் இருந்தவர் இந்தக் குறையை மட்டும் சொல்லிக் கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். நானும் அன்றிரவே ஏற்றுமதியாளருக்கு எழுதினேன். நான்கு நாள் கழித்து அவர் அனுப்பிய விளக்கக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மீண்டும் போனால், ஏற்றுமதியாளரின் கடிதத்துக்கு இங்கே மதிப்பில்லை, அந்நாட்டுத் தாவரப் பாதுகாப்பு அமைப்பே எழுதித் தர வேண்டும் என்றார். அது சரியான விதிதான். ஆனால் முதல் நாளே அதைச் சொல்லியிருந்தால் எனக்கு நான்கு நாள் மிச்சமாகியிருக்கும். விதியைக் காப்பவர், அந்த விதியை வந்து நிற்பவருக்கு முழுமையாக எடுத்துச் சொல்லவும் கடமைப்பட்டவர் என்றே நான் நினைக்கிறேன்.

இரண்டாம் முறையும் அவர் மற்றக் குறைகளைச் சொல்லவில்லை. மூன்றாம் முறை வேறோர் அலுவலர் இருந்தார். அவர் சான்றிதழை வாங்கிச் சன்னல் பக்கம் திரும்பி, தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். விதைத் தொகுதி எண்ணின் கடைசி இலக்கத்தின் மேல் வெள்ளை மை பூசி, அதன்மேல் 3 என்று பேனாவால் எழுதியிருந்தது. பக்கத்தில் கையொப்பமும் இல்லை, முத்திரையும் இல்லை. இத்தனை நாளாக நானே பலமுறை கையில் வைத்துப் பார்த்த தாள்தான். என் கண்ணுக்கு அது படவே இல்லை. சான்றளிக்கப்படாத திருத்தமோ அழிப்போ இருந்தால் சான்றிதழே செல்லாது என்பது ஐ.எஸ்.பி.எம். 12 என்ற பன்னாட்டுத் தரநிலையின் விதி என்று விளக்கிய அவர், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மீதமுள்ள குறைகளையும் வரிசையாக எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள்தான் என்னைக் காப்பாற்றியது.

அதில் ஒன்று பெயர்க் குழப்பம். அனுமதியில் சோலானம் லைக்கோபெர்சிகம் என்றும் சான்றிதழில் லைக்கோபெர்சிகான் எஸ்குலென்டம் என்றும் இருந்தன. முன்னது 1753இல் லின்னேயஸ் வைத்தது, பின்னது 1768இல் மில்லர் வைத்தது; இரண்டும் ஒரே தக்காளிதான். தாவரவியலுக்கு அது போதும். கோப்புக்கு அது போதாது. அனுமதியில் உள்ள பெயரையே ஓர் எழுத்தும் மாறாமல் சான்றிதழில் எழுதச் சொல்லுங்கள்.

மற்றது இன்னும் பெரியது. என் விதை ஒரு நாட்டில் விளைந்து, இன்னொரு நாட்டில் சிப்பமிடப்பட்டு வந்தது. இப்படி வரும் சரக்குக்கு மறு ஏற்றுமதிச் சான்றிதழ் வேண்டும். அதோடு விளைந்த நாடு கொடுத்த மூலச் சான்றிதழையோ அதன் சான்றளிக்கப்பட்ட நகலையோ இணைக்க வேண்டும். எனக்கு வந்த உறையில் அந்த நகல் இல்லை. அது ஏற்றுமதியாளரின் அலுவலகக் கோப்பிலேயே தங்கிவிட்டது. வயல் ஆய்வைப் பற்றி விளைந்த நாடு மட்டுமே உறுதி கூற முடியும் என்பதால், இடையிலுள்ள நாட்டிடம் அதைக் கேட்டுப் பயனில்லை; அவர்களால் தர முடிந்தது ஆய்வகச் சோதனையின் அடிப்படையிலான அறிவிப்புதான். நல்லவேளையாக ஏற்றுமதியாளரிடம் 3000 விதைகளைச் சோதித்த அறிக்கை ஏற்கெனவே இருந்தது. விதை வாங்கும்போது விலையையும் ரகத்தையும் கேட்பதற்கு முன்பே எங்கே விளைந்தது என்று கேளுங்கள்.

காத்திருப்பு அறையில் உப்பிட்ட ஆட்டுத்தோல் வரவழைக்கும் பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்திருந்தார். அவருடைய கால்நடை சுகாதாரச் சான்றிதழில் 'இது அல்லது அது' என்றிருந்த வாசகங்களில் பொருந்தாததை அரசுக் கால்நடை மருத்துவர் அடித்துவிடவில்லை. இரண்டும் அப்படியே நின்றதால், எதை உறுதிசெய்தார் என்றே தெரியவில்லை. "தம்பி, கையெழுத்துப் போடும் முன்னாடி நகலை வாங்கிப் பார்த்துடணும், சரக்கு ஏறிட்டா நம்ம கையில ஒண்ணும் இல்ல" என்றார். இடைவழி நாடுகளைப் பற்றி அலுவலர்கள் இத்தனை கேள்வி கேட்பது ஏன் என்று கேட்டபோது அவர் சொன்ன செய்தியும் எனக்குப் புதியது. 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன மாடுகள் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இடையில் தங்கியதில் பெல்ஜியத்தில் மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் பரவியதாம். 1924இல் உலக விலங்கு சுகாதார அமைப்பு தோன்றக் காரணமே அதுதானாம். பின்னர் தேடிப் பார்த்தேன், உண்மைதான்.

அன்று மாலையே, அலுவலர் எழுதிக் கொடுத்த தாளைப் படமெடுத்து, இம்முறை அனுமதியின் இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஏற்றுமதியாளருக்கு அனுப்பினேன். பழையதைத் திருத்த வேண்டாம், அதை ரத்துசெய்து மாற்றுச் சான்றிதழாகவே வாங்குங்கள், கையொப்பத்துக்கு முன் வரைவை எனக்குக் காட்டுங்கள் என்று கேட்டேன். வரைவில் மீண்டும் பழைய தாவரப் பெயரே இருந்தது! அதை அப்போதே மாற்றச் சொன்னேன். இந்த முழு அலைச்சலிலும் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி அதுதான்.

மாற்றுச் சான்றிதழும் மூலச் சான்றிதழின் நகலும் கூரியரில் வந்தன. இரு நாடுகளும் மின்னணுச் சான்றிதழ்ப் பரிமாற்றத்தில் இணைந்திருந்தால் இந்த ஐந்து நாள் காத்திருப்பும் இருந்திருக்காது. உங்கள் வழித்தடத்தில் அந்த வசதி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். பெட்டிகளுக்கு அடியில் இருந்த மரப்பலகையில், பூச்சி நீக்கிய மரம் என்று காட்டும் கோதுமைக் கதிர் முத்திரையும் வெப்பச் சிகிச்சையைக் குறிக்கும் எச்.டி. எழுத்துகளும் தெளிவாக இருந்ததால், அதில் ஒரு கேள்வியும் எழவில்லை.

நேற்று அந்த இரண்டாம் அலுவலரே கொட்டகைக்கு வந்து பெட்டியைப் பிரித்து, பொட்டலத்தின் தொகுதி எண்ணைச் சான்றிதழோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டு, மாதிரி எடுத்துக்கொண்டு மறுபடி ஒட்டினார். மாதிரியின் முடிவு வரும்வரை விதைக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார். பெட்டிகள் இப்போது குளிரறையில் இருக்கின்றன. குழித்தட்டுகளில் தென்னைநார்க் கழிவை நிரப்பி வைத்துவிட்டேன்.