நல்லாத்தானே இருக்கான், சிஸ்டர்

கடலூரில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக 16 வருஷமாக வேலை பார்க்கிறேன். ரத்தம், அலறல் எல்லாம் பழகிவிட்டது. இன்னும் பயமுறுத்துவது ஒன்றுதான்: விஷம் குடித்தவரைக் கூட்டிவந்த வீட்டார், "நல்லாத்தானே இருக்கான், சிஸ்டர்" என்று சொல்வது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் வந்தான். வீட்டில் சண்டை, ராத்திரி கைக்குக் கிடைத்த பாராசிட்டமாலை எல்லாம் விழுங்கியிருக்கிறான். காலையில் இரண்டு தடவை வாந்தி, அவ்வளவுதான். பிரஷர், நாடி எல்லாம் சரி. அம்மா வாங்கி வந்த இட்லியைக் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டான். அப்பா கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போனார், நான் தடுக்கவில்லை, ஏனென்றால் எனக்கும் அவன் நன்றாக இருப்பதாகத்தான் தெரிந்தது. மூன்றாம் நாள் கண் மஞ்சளாகி, ஊசி குத்திய இடத்தில் ரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருக்க, ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்கு அனுப்பினோம். பிழைக்கவில்லை.

அன்றைக்கு எனக்குப் புரியாமல் போனது இதுதான்: அவன் இட்லி சாப்பிட்ட நேரத்தில் விஷம் இன்னும் முழுசாகத் தயாராகவே இல்லை. அவனுடைய கல்லீரல் அதைத் தயாரித்துக்கொண்டிருந்தது.

கல்லீரலின் முக்கிய வேலைகளில் ஒன்று, வெளியிலிருந்து வரும் பொருளை நீரில் கரைகிற மாதிரி மாற்றிச் சிறுநீரில் அனுப்புவது. பாராசிட்டமாலில் பெரும்பகுதி அப்படித்தான் போகிறது. கொஞ்சம் மட்டும் சைட்டோகுரோம் என்ற நொதிகளின் கையில் சிக்கி, நாப்கி என்ற கொடிய பொருளாகிறது. சாதாரண அளவில் சாப்பிட்டால் கல்லீரலில் இருக்கும் குளுட்டாதயோன் என்ற காப்புப் பொருள் அதை உடனே பிடித்து அடக்கிவிடும். அளவு மிஞ்சினால் குளுட்டாதயோன் கையிருப்பு தீர்ந்துபோகும், நாப்கி கல்லீரல் செல்களையே தாக்கும். நாள்பட்டுக் குடிப்பவர்களுக்கும் பட்டினி கிடந்தவர்களுக்கும் அந்தக் கையிருப்பு முதலிலேயே குறைவு. அசிட்டைல்சிஸ்டைன் மருந்து குளுட்டாதயோனைத் திரும்ப நிரப்பும். 8 மணி நேரத்துக்குள் ஏற்றினால் ஏறக்குறைய எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். அப்புறம் ஏற்றினாலும் பயன் உண்டு, ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் கைநழுவிக்கொண்டே இருக்கும்.

கள்ளச்சாராயத்திலும் இதே கதைதான். 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில், அங்கே மட்டும் 60 பேருக்கு மேல் செத்தார்களே, அதெல்லாம் மெத்தனால் என்ற விஷச் சாராயம். மெத்தனால் குடித்த உடனே வெறும் போதைதான். உடம்பு அதை முதலில் ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது, பிறகு ஃபார்மிக் அமிலமாக. அந்த அமிலம்தான் கண் நரம்பைப் பொசுக்குகிறது. நான் பார்த்த ஒருவர் குடித்த மறுநாள் வந்தார், நடந்தே வந்தார். என் பக்கம் முகத்தைத் திருப்பி, "மார்கழிப் பனி மாதிரி வெள்ளையா இருக்கும்மா, நீங்க எங்க நிக்கிறீங்க?" என்று கேட்டார். நான் ஒரு கை தூரத்தில்தான் நின்றேன். மெத்தனாலை மாற்றும் அதே நொதிக்குச் சாதாரண ஆல்கஹாலைத்தான் அதிகம் பிடிக்கும், அதனால் மூக்குக் குழாய் வழியாக அளவு பார்த்து அந்த ஆல்கஹாலை, அதாவது எத்தனாலைக் கொடுத்து அந்த நொதியைத் திசைதிருப்புவோம், ஏற்கெனவே சேர்ந்த அமிலத்தை டயாலிசிஸில் எடுப்போம். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாராயத்தாலதானே சிஸ்டர் இப்படி ஆச்சு, திரும்பவும் அதையே குடுக்கிறீங்களே" என்று அழுதார். அந்தக் கேள்வி நியாயமானது. எத்தனை வேலை இருந்தாலும் உட்கார்ந்து பதில் சொல்லத்தான் வேண்டும்.

பூச்சிமருந்திலும் வித்தியாசம் உண்டு. மோனோகுரோட்டோபாஸ் நேரடி விஷம். குளோர்பைரிபாஸை உடம்பு ஆக்ஸான் என்ற இன்னும் கொடிய பொருளாக மாற்றிய பிறகுதான் அதன் முழு வேகமும் தெரியும். பாட்டிலையும் கையோடு எடுத்துவாருங்கள் என்று நாங்கள் கெஞ்சுவது அதற்குத்தான்.

போன வருஷம் கடலூர் முதுநகரிலிருந்து ஒரு பெண் வந்தாள், அதே பாராசிட்டமால். விழுங்கி 5 மணி நேரம் ஆகியிருந்தது. அவள் அம்மா துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். விடியற்காலை ஏலத்துக்குப் போகாவிட்டால் அன்றைய பிழைப்பு இல்லை. "எழுந்து நடக்குறா பாருங்க, நல்லாத்தானே இருக்கா" என்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அம்மா, அவ முழுங்கினது இன்னும் வேலையைக் காட்டல. உள்ள இப்பதான் விஷமா மாறிக்கிட்டிருக்கு. அது மாறி முடிக்கிறதுக்குள்ள நாம முந்திக்கணும். நாளைக்குக் கூட்டிட்டு வந்தீங்கன்னா என்கிட்ட மருந்து இருக்கும், ஆனா நேரம் இருக்காது." அவர் ரொம்ப நேரம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தங்கச்சிக்குப் போன் போட்டு ஏலத்துக்குப் போகச் சொன்னார்.

21 மணி நேரம் டிரிப் ஓடியது. மூன்றாம் நாள் காலை ஆளை அனுப்பாமல் நானே லேபுக்குப் போய்ச் சீட்டை வாங்கினேன். கல்லீரல் கெட்டால் ஏறுகிற எஸ்ஜிபிடி 38தான், நார்மல்.