கம்பளிக்குள் இரண்டு குளிர்காலங்கள்

கோத்தகிரியில் மார்கழி பிறந்துவிட்டால் எல்லோருமே கழுத்துவரை கம்பளியில் இருப்பார்கள் என்பதால், முழங்கையிலும் முதுகிலும் படர்ந்திருந்த சொரியாசிஸ் என்ற தோல் நோயை இரண்டு குளிர்காலங்கள் யாருக்கும் தெரியாமல் என்னால் மறைக்க முடிந்தது. மாமியார் எழுவதற்குள் விழித்து, விரிப்பில் தவிடுபோல் உதிர்ந்து கிடக்கும் செதில்களை உள்ளங்கையால் கூட்டி அள்ளி வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவேன். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினேன். பிறகு, நான் பாடம் நடத்தும் பள்ளிக்கே அடிக்கடி விடுப்பு சொன்னேன். இருந்து என்ன பயன் என்று தோன்றத் தொடங்கியபோதுகூட, அதைத் தோலின் தொல்லையாகவே எண்ணினேன்.

முதலில் பார்த்த மருத்துவர் களிம்பு எழுதிக்கொடுத்து, "கவலைப்படாதீங்கம்மா, கவலையாலதான் கூடுது" என்று அனுப்பிவிட்டார். கவலையையும் நானே வரவழைத்துக்கொண்டேன் என்ற குற்ற உணர்ச்சிதான் அதன்பின் மிஞ்சியது.

மலையிறங்கிக் கோவையில் பார்த்த தோல் மருத்துவர், கையைப் பார்ப்பதற்கு முன் "தூக்கம் எப்படி?" என்று கேட்டார். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்பது கடைசிக் கேள்வி. அதில் பேனா நெடுநேரம் நின்றது. 27க்கு 17 வந்தது; எண் கூடக் கூட மனச்சோர்வும் கூடுதல் என்று பொருள். அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பிக்க வேண்டிய தோல் சில நாட்களிலேயே வளர்ந்து குவிவதுதான் இந்நோய் என்றும், நோயெதிர்ப்பு மண்டலம் தூண்டும் அழற்சியே அதற்குக் காரணம் என்றும், அந்த அழற்சிக்கு மனச்சோர்விலும் பங்கு இருக்கலாம் என்றும், தொட்டால் ஒருபோதும் பரவாது என்றும் பொறுமையாக விளக்கினார். லித்தியம் போன்ற சில மனநல மருந்துகள் சொரியாசிஸைக் கூட்டிவிடும் என்பதால், இரு மருத்துவர்களும் கலந்து பேசியே மருந்து எழுதினார்கள்.

ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு, அழற்சியைத் தணிக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தொடங்கியது. வாரத்தில் ஒரே நாள்தான் அதை விழுங்க வேண்டும், தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மனச்சோர்வு மாத்திரை பிடிக்க நான்கு வாரங்கள் ஆயின. அதற்குள் இரண்டு இரவுகள் மனநல உதவி எண்ணான 14416ஐ அழைத்து, தமிழிலேயே பேசி விடியவைத்தேன். முதலில் திரும்பியது தூக்கம். தோல் தெளிய மேலும் இரண்டு மாதங்கள் பிடித்தன.

ஒரு ஞாயிறன்று மாமியாரிடம் முதுகைத் திருப்பிக் காட்டினேன். "இதுக்காடி இருட்டுல எழுந்த?" என்றவர் களிம்பை வாங்கித் தடவினார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நாள்காட்டியில் மாத்திரைக்கு அவர்தான் கோடு போடுகிறார்.