கருப்பைப் புற்றுநோயில் சென்டினல் நிணநீர் முடிச்சு: ஊசி முதல் பேத்தாலஜி வரை

இடுப்பில் உள்ள நிணநீர் முடிச்சுகளை மொத்தமாக வழித்தெடுத்தால், சில பெண்களுக்குக் கால் வீக்கம் ஆயுசுக்கும் போகாது. அதனால் ஆரம்ப நிலைக் கருப்பை உட்சுவர்ப் புற்றுக்கு, நோய் முதலில் போய்ச் சேரக்கூடிய சென்டினல் முடிச்சை மட்டும் லேப்ராஸ்கோப்பியில் தேடி எடுக்கிறோம். இதில் காரியம் கெடுவது பல நேரம் வயிற்றுக்குள் அல்ல, ஊசி போடும் இடத்தில்தான்.

முடிச்சுக்குப் போகும் வழியைக் காட்ட, சிறப்புக் கேமராவில் பச்சையாக ஒளிரும் ஐ.சி.ஜி. (இண்டோசயனின் கிரீன்) சாயத்தை ஊசியில் ஏற்றுகிறோம். இது 25 மி.கி. பொடியாக வரும். 20 மி.லி. ஸ்டெரைல் வாட்டரில் கரைக்கிறோம், மி.லி.க்கு 1.25 மி.கி. சலைனில் கரைக்கக் கூடாது. கரைத்ததை 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். மருந்தில் அயோடைடு இருப்பதால் அயோடின் அலர்ஜி உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

மயக்கம் கொடுத்ததும், கருப்பை வாயில் 3 மணி, 9 மணித் திசைகளில் ஸ்பைனல் ஊசியால் போடுகிறோம். ஒவ்வொரு பக்கமும் 1 செ.மீ. ஆழத்தில் 1 மி.லி., தோலுக்கு அடியில் போல மேலாக 1 மி.லி.; ஆக 4 மி.லி. நிதானமாக ஏற்ற வேண்டும். அழுத்தி ஏற்றினால் சாயம் வெளியே வழிந்து கையுறை, கருவி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். பிறகு கேமராவில் எங்கு பார்த்தாலும் பச்சைதான். ஊசி போட்டவர் கையுறையை மாற்றிய பிறகே மேனிப்புலேட்டரை (கருப்பையை அசைக்கும் கருவி) தொட வேண்டும்.

உள்ளே போனதும் கருப்பையில் கை வைக்காமல் முதலில் இடுப்புப் பக்கச்சுவரை மூடியிருக்கும் மெல்லிய சவ்வான பெரிட்டோனியத்தைத் திறக்கிறோம். நிணக்குழாய் அறுந்தால் சாயம் கசிந்து தடம் அழிந்துவிடும். மெல்லிய பச்சைக் கோடு ஒன்று, அடைபட்ட தொப்புள் தமனியைத் தாண்டி காலிலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாயான வெளி இலியாக் சிரையின் உட்புறமாகப் போகும்; அது முதலில் முடிகிற முடிச்சுதான் வேண்டியது. அங்கே இல்லையென்றால் யூரீட்டரை (சிறுநீர்க்குழாய்) ஒட்டி மேலேறி, பொது இலியாக் ரத்தக்குழாய்ப் பகுதி, சேக்ரத்தின் (முதுகெலும்பின் அடி எலும்பு) முன்புறம் இரண்டையும் பார்க்காமல் விடக் கூடாது. இடுப்புப் பக்கச்சுவரில் உள்ள ஆப்டுரேட்டர் பள்ளத்தில் வெள்ளைக் கயிறு போல ஆப்டுரேட்டர் நரம்பு கண்ணில் பட்ட பிறகே, திசுவைச் சூட்டால் வெட்டும் எனர்ஜி கருவியை இயக்க வேண்டும். அது அறுந்தால் தொடையை உள்பக்கம் சேர்க்கும் பலம் குறையும்.

ஒளிர்வதெல்லாம் முடிச்சல்ல. சாயம் தேங்கிய குழாயும் கொழுப்பும் மட்டும் வெளியே வருவதுண்டு. ஆகவே எடுத்ததை மேஜையிலேயே தடவிப் பார்த்து உறுதி செய்கிறோம். இந்த முறையைச் சோதித்து 2017-இல் வெளியான ஃபயர்ஸ் (FIRES) ஆய்வில், சாயம் பிடித்து, முடிச்சுகளுக்கு நோய் பரவலும் இருந்த 36 பேரில் 35 பேருக்குச் சென்டினலே அதைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் இரு பக்கமும் சாயம் பிடித்தது 52% பேருக்குத்தான். ஒரு பக்கம் தெரியவில்லையென்றால் அந்தப் பக்கம் மட்டும் மறுபடி ஊசி போடுகிறோம். அப்போதும் தெரியாவிட்டால் அந்தப் பக்க முடிச்சுகளை முழுவதும் எடுத்தாக வேண்டும். வீங்கிச் சந்தேகம் தரும் முடிச்சு, சாயம் பிடிக்காவிட்டாலும் வெளியே வந்தே தீர வேண்டும்.

துளை வழியாக முடிச்சை வெறுமனே இழுக்காமல் பையில் போட்டே எடுக்கிறோம். வலது, இடது தனித்தனி டப்பா. பேத்தாலஜிப் படிவத்தில் 'சென்டினல், அல்ட்ராஸ்டேஜிங்' (நுணுக்கமான பரிசோதனை) என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் வழக்கமான ஓரிரு வெட்டுகளோடு பரிசோதனை முடிந்துவிடலாம். அடுக்கடுக்காக வெட்டி, புற்றுச் செல்லின் கெரட்டின் புரதத்தைக் காட்டும் சாயம் ஏற்றினால்தான் 0.2 முதல் 2 மி.மீ. வரையுள்ள நுண்பரவல் பிடிபடும்.